ஐயாவு பேசிய பகுதி

ஆவணப்பட மாநாட்டில் வேலை என்று தினேஸ்வரி சொன்னால் யாரும் மேலே எதுவும் கேட்பதில்லை. புரோகிராமர் என்று சொன்னால்தான் தொல்லை. சிலிபினில் அவள் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருப்பவர் பழுதான லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாநாடு நடக்கும் ஓட்டலின் மேலாளர், "வைஃபை அறுந்து அறுந்து போகுது, நீங்கதானே புரோகிராமர், ஒரு பார்வை பாருங்களேன்" என்றார். வந்து குவியும் படங்களைப் பார்ப்பது, எதைத் தேர்ந்தெடுப்பது, எதை எந்த நாளில் போடுவது, படம் முடிந்ததும் யாரை மேடையேற்றிப் பேச வைப்பது என்று முடிவு செய்வது, இதுதான் தன் வேலை என்று முதலில் பொறுமையாக விளக்கினாள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டாள்.

ஈப்போவில் இந்த மாநாட்டைத் தொடங்கியவர் ஜுபைர். ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்குப் படம் எடுத்தவர். எதைக் கேட்டாலும் "போலேலா, முடியும், பார்த்துக்கலாம்" என்பார். பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது என்று தேடினால் தினேஸ்வரிதான் இருப்பாள்.

இந்த வருடம் அவள் மிகவும் பாடுபட்டுக் கொண்டுவந்த படம் 'கொக்குமேடு'. பாகான் டத்தோ பக்கத்தில் இருந்த ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைப் பற்றியது. கம்பெனி வைத்த பெயர் வேறு. அங்கே பால் வெட்டியவர்கள் கொக்குமேட்டுத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள். கடைசியில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்து, இருந்த குடும்பங்களை அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். ஷர்வின் என்ற இளைஞன் அந்த இடிப்பை நாள்கணக்கில் கூடவே இருந்து படமாக்கியிருந்தான். படம் கோலாலம்பூரில் ஒருமுறை திரையிடப்பட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டது. படத்தின் உயிர் மங்களம் என்ற அம்மாள். இடிந்த சுவருக்கு முன்னால் நின்று கேமராவைப் பார்த்து அவர் பேசுவதுதான் படத்தில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் இடம்.

"மங்களம் ஆன்ட்டி படத்தைப் பார்த்துட்டாங்களா?" என்று தினேஸ்வரி ஆரம்பத்திலேயே ஷர்வினிடம் கேட்டாள்.

"லிங்க் அனுப்பிட்டேன் அக்கா."

"பார்த்தாங்களா?"

"அனுப்பிட்டேன்."

மங்களத்தின் கைப்பேசியில் டேட்டா கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் அவரை ஈப்போவுக்கே அழைத்து, பெரிய திரையில் பார்க்க வைத்து, மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று தினேஸ்வரி பிடிவாதமாக நின்றாள். ஜுபைர் வேன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார். முதல் நாள் மாலை அதே வேனை, குகைக் கோயில் பார்க்க ஆசைப்பட்ட வெளிநாட்டு விருந்தினர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, மங்களம் ஆன்ட்டிய யாரு ஏத்திக்கிட்டு வர்றது?"

"உன் காடி இருக்குல்ல?"

மறுநாள் காலை இருட்டு விலகும் முன்பே தினேஸ்வரி தன் பழைய மைவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெலுக் இந்தானைத் தாண்டும்வரை கைப்பேசி ஓயவில்லை. தலைமை உரையாற்ற வருபவருக்கு சைவச் சாப்பாடு வேண்டுமாம். ஒரு படத்தில் ஒலி மட்டும் வருகிறதாம். வரவேற்பு மேசையில் இருந்த பெண், கணினியில் பெயர் அட்டை அச்சாகவில்லை, புரோகிராமர் என்பதால் கேட்கிறேன் என்றாள். தினேஸ்வரி கைப்பேசியைப் பின்னிருக்கையில் வீசிவிட்டு ஓட்டினாள்.

அடுக்குமாடிக்குக் கீழே மங்களம் மஞ்சள் சேலையில் தயாராக நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை அழுத்தி வாரிய ஒரு பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இது என் அண்ணன், ஐயாவு. அவரும் வாரேங்கிறாரு" என்றார் மங்களம். குரலில் சந்தோஷம் இல்லை.

"நானும் படத்துல இருக்கேன்லம்மா" என்றார் ஐயாவு.

அந்தப் படத்தைத் தினேஸ்வரி பலமுறை பார்த்திருக்கிறாள். ஐயாவு அதில் ஒரு நொடிகூட வரவில்லை. அவருடைய பெயர்தான் வருகிறது. இடிந்த சுவருக்கு முன்னால் நின்று மங்களம் சொல்வார்: 'காலி பண்றோம்னு மொதல்ல கையெழுத்து போட்டது வேற யாருமில்ல, என் கூடப்பொறந்த ஐயாவுதான். எல்லாரும் ஒத்துமையா நின்னிருந்தா அசைச்சிருக்க முடியாது. அவன் போட்டான், மறுநாளே பாதித் தோட்டம் போட்டுருச்சு.' அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்று ஷர்வின் சொல்லியிருந்தான். இங்கே அந்த அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

லங்காப் பக்கத்தில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மங்களம் தினேஸ்வரியின் பின்னாலேயே இறங்கி வந்தார்.

"நேத்துதான் கிள்ளான்லேர்ந்து என் நாத்தனா போன் பண்ணா. கோலாலம்பூர்ல படத்தைப் பார்த்தாளாம். அண்ணனை நான் பேசினது அப்படியே வருதாமே?"

"வருது ஆன்ட்டி."

"அன்னிக்கு வீட்டை இடிக்கிறாங்க, வயித்தெரிச்சல்ல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுக்கப்புறம் எவ்வளவோ ஆயிருச்சு. அண்ணி செத்துப் போனா. மாரியம்மான்னு பேரு. அந்தச் சாவுக்குத்தான் நான் மாடியிலேர்ந்து இறங்கி அவர் வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சேன். அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புதான். இப்பப் போயி, அத்தனை பேர் முன்னால..." மங்களம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த இடத்தை மட்டும் வெட்டிடுமா."

"நீங்க காலையிலேயே சொல்லியிருந்தா அவரை விட்டுட்டு வந்திருக்கலாமே."

"அவர் சட்டையை இஸ்திரி போட்டு முந்தாநாளே மாட்டி வெச்சிட்டாரு. எப்படிச் சொல்றது?"

தினேஸ்வரி ஷர்வினை அழைத்தாள். வெட்ட முடியாது, அதுதான் படமே என்றான். அவங்க ஒப்புதல் ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்காங்க என்றான். ஜுபைரை அழைத்தாள். "காலங்காத்தால ஏன் டென்ஷன் ஆவுற, வா, பேசிக்கலாம்" என்றார். கடைசியில் பெட்ரோலுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பேசாமல் இருவரையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தானும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்று தோன்றியது.

ஐயாவு மாத்திரை போடுவதற்கு முன் சாப்பிட்டாக வேண்டும். சிம்பாங் பூலாயில் ஒரு கடையில் தோசைக்கு உட்கார்ந்தார்கள். அவர் மெதுவாகப் பிய்த்துத் தின்றுகொண்டே சொன்னார்:

"அந்தப் பையன் என்கிட்ட ரொம்ப நேரம் பேசினான். ரம்புத்தான் மரத்தடியில நாற்காலி போட்டு உட்கார வெச்சு, சட்டையில மைக்கெல்லாம் மாட்டி."

மங்களம் நிமிர்ந்தார். "உன்கிட்டயா? எப்ப?"

"வீடு மாறின புதுசுல. அப்ப நீதான் என் மூஞ்சிலயே முழிக்கலையே. நீ என்னைப் பத்தி என்ன சொன்னன்னு அவனே சொன்னான். அதான் நானும் என் பக்கத்தைச் சொன்னேன். ரெண்டும் வரும்னான்."

இத்தனை நேரம் அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்று மங்களம் பயந்தது அண்ணனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஐயாவு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருப்பது, தன் பதிலை ஊர் கேட்கும் என்பதற்காக.

தினேஸ்வரி கோப்பியைத் தள்ளி வைத்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அங்கிள், நீங்க பேசினது படத்துல இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"இல்ல."

ஐயாவு சட்டினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்னை ஏன் அவ்வளவு நேரம் உட்கார வெச்சான்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தினேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணு செய்யலாம்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் வேணாம்னு சொன்னா படத்தை நான் போடமாட்டேன். எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். போடலாம்னு சொன்னா, அங்கிள் பேசினதையும் தேடி எடுத்துப் போடறேன்."

மங்களம் அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஐயாவு மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

"போடுமா. இம்மாந்தூரம் வந்தாச்சு."

மாநாட்டு மண்டபம் பழைய நகரப் பகுதியில் ஓட்டலின் இரண்டாம் மாடியில் இருந்தது. பெரியவர்கள் இருவரையும் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, தினேஸ்வரி ஷர்வினைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஐயாவு அங்கிள் பேசினது எங்க?"

அவன் முகம் மாறியது. "அது ஹார்ட் டிஸ்க்ல இருக்கு அக்கா. டிவிக்காரங்க நீளத்தைக் குறைக்கச் சொன்னாங்க. எதையாவது வெட்டித்தான் ஆகணும். அவர் பேசறது மெதுவா இருக்கும், படத்தோட வேகம் போயிரும்."

"அவர் பேர் மட்டும் இருக்கலாம், அவர் இருக்கக்கூடாதா?"

"நான் வேணும்னு செய்யலக்கா. மூணு வருஷம் நான் இதுக்காக வேற வேலை எதுவும் பார்க்கல."

அது உண்மைதான். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. தினேஸ்வரிக்கு அவன் மேல் பரிதாபமும் வந்தது, அவனை ஒரு அறை விடலாம் என்றும் தோன்றியது.

"படம் முடிஞ்ச உடனே அதைப் போடணும். முழுசா. வெட்டாம."

"சப்டைட்டில் இல்லக்கா. வெளிநாட்டுக்காரங்களுக்கு எப்படிப் புரியும்?"

"அதை நான் பார்த்துக்கிறேன்."

கலந்துரையாடலை நடத்த கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தவர் டாக்டர் கலாதேவி, பல்கலைக்கழக விரிவுரையாளர். கையில் நீண்ட முன்னுரை ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு, ஒரு பெரியவர் பேசுவதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா என்று தினேஸ்வரி கேட்டாள்.

"நான் மொழிபெயர்ப்பாளரா வரல, தினேஸ்வரி."

"தெரியும் டாக்டர். ஆனா இந்த ஹால்ல தோட்டத்துத் தமிழும் ஆங்கிலமும் ஒழுங்கா தெரிஞ்சவங்க நீங்கதான்."

டாக்டர் கலாதேவி முன்னுரையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வைத்த விதத்திலேயே, இதை அவர் எளிதில் மறக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

பிறகு ஜுபைர். மாநாட்டுக்குப் பணம் தரும் ஆதரவாளர் கம்பெனியின் ஆள் அதே நேரத்தில் பேச வேண்டும் என்று நினைவுபடுத்தினார்.

"அவர் டீ நேரத்துல பேசட்டும் அண்ணே."

"டீ நேரத்துல எவன் கேப்பான்?"

"மேடையில பேசினா மட்டும் எவன் கேக்குறான்?"

ஜுபைர் தாடியைச் சொறிந்தார். "உன் புரோகிராம். நீ சொன்னா சரி. ஆனா யாராச்சும் கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

படம் ஓடியது. மங்களம் தன்னைத் திரையில் பார்த்ததும் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டார். ஐயாவு நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தபடி பார்த்தார். இடிந்த சுவரும் அந்தப் பேச்சும் வந்தன. பின்வரிசையில் யாரோ ஒருவர் 'ச்சே' என்றார். அந்தச் சத்தம் ஐயாவுக்கும் கேட்டது. அவர் திரும்பவில்லை.

கைதட்டல் அடங்கியதும் விளக்கைப் போடவிடாமல் அடுத்ததை ஓடவிட்டாள். ரம்புத்தான் மரம், கோழிகள் கத்தும் சத்தம், நாற்காலியில் ஐயாவு. வெட்டாத படம். ஷர்வின் கேள்வி கேட்பதும், மைக் கழன்று விழுவதும், அதை மறுபடி மாட்டுவதும் எல்லாம் வந்தன. டாக்டர் கலாதேவி மேடை ஓரத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார்.

திரையில் ஐயாவு சொன்னார்: "தோட்டத்து ஆபீஸ் கிராணி என்னைத் தனியா கூப்பிட்டாரு. ஐயாவு, மொதல்ல கையெழுத்து போடறவனுக்குத்தான் கீழ் வீடு, அப்புறம் வர்றவன்லாம் மேல மேலதான்னாரு. அந்த பிளாட்ல லிப்ட் கிடையாது. மாரியம்மாவுக்கு ரெண்டு காலும் வீங்கிக் கெடக்கு. கக்கூசுக்கே நான்தான் தூக்கிக்கிட்டுப் போறேன். கோயிலை நெனச்சேன், கூட்டத்துல பேசினதையெல்லாம் நெனச்சேன். அப்புறம் அந்தப் படிக்கட்டை நெனச்சேன். போட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்தார். "போட்டது தப்புன்னு சொன்னா, சொல்லட்டும். நான் இல்லங்கல. போதுமாப்பா?"

பின்வரிசையில் இந்த முறை யாரும் 'ச்சே' என்று சொல்லவில்லை.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் மங்களத்தைப் பார்த்தார்கள். அவர் அழுதுகொண்டிருப்பார் என்று தினேஸ்வரி நினைத்தாள். மங்களம் மேடைகூட ஏறவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"கீழ் வீட்டு விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது?"

"எனக்கு மட்டும் முழங்கால் நல்லாவா இருக்கு? நான் நாலாவது மாடி ஏறிக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் உன் பின்னாலயே வந்து போட்டிருப்பேன்ல?"

மண்டபம் சிரித்தது. மங்களம் சிரிக்கவில்லை. அவர் கேலிக்குச் சொல்லவில்லை என்பது ஐயாவுக்கும் தெரிந்தது.

"உன்கிட்ட சொன்னா நீ தோட்டம் பூரா சொல்லியிருப்ப. அப்புறம் எல்லாரும் வரிசையில நிப்பான். மாரியம்மாவுக்கு வீடு கிடைச்சிருக்குமா?"

"அதுக்காக நான் உன்னை இத்தனை வருஷம் திட்டிக்கிட்டே இருக்கணுமா? திட்டறதுக்கும் தெம்பு வேணும்ல?"

"யாரு திட்டச் சொன்னா?"

டாக்டர் கலாதேவி இருவரையும் மாறி மாறிப் பார்த்து மொழிபெயர்க்க முயன்றார். வேகம் பிடிபடாமல் நடுவில் விட்டுவிட்டு, தானே அவர்களிடம் தமிழில் கேள்வி கேட்கத் தொடங்கினார். கிராணி இன்னும் யார் யாரிடம் அப்படிச் சொன்னார் என்று கேட்டார். ஐயாவு யோசித்து மூன்று பேரைச் சொன்னார். மங்களம், "அவனுமா?" என்றார். வெளிநாட்டு விருந்தினர்கள் ஒன்றும் புரியாமல், ஆனால் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆதரவாளர் கம்பெனியின் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியேறினார். அவர் பின்னால் ஜுபைர் சிரித்த முகத்தோடு ஓடினார்.

சாப்பாடு முடிந்ததும் வேன் எங்கே என்று தினேஸ்வரி கேட்டாள். வேன் விமான நிலையத்துக்குப் போயிருந்தது. மதியம் அவளுக்கு இன்னும் இரண்டு படங்கள் இருந்தன. அதில் ஒன்றுக்கு இன்னமும் ஒலி மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. ஓட்டல் மேலாளர் வேறு அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் கார்ச் சாவியை ஷர்வின் கையில் வைத்தாள்.

"நீதான் கொண்டுபோய் விடணும். வாசல்ல விட்டுட்டு ஓடி வந்துடாத. ஆன்ட்டியோட மேல ஏறிப் போய் விட்டுட்டு வா."

சாவியோடு அவன் கேமராப் பையையும் தூக்கிக்கொண்டான். அவள் அதைத் தடுக்கவில்லை.

தெலுக் இந்தானிலிருந்து அழைத்தான். குரல் ரகசியமாக இருந்தது. "அக்கா, வழியில கோப்பேங்ல ஆரம்பிச்ச சண்டை இன்னும் நிக்கல. நான் ஏதாச்சும் சொல்லணுமா?"

"என்ன சொல்லப் போற?"

"தெரியல. அவங்க கேட்டா ஷூட் பண்ணட்டுமா?"

"அவங்க கேட்டா பண்ணு. இப்ப ரோட்டைப் பார்த்து ஓட்டு."

கைப்பேசியை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் ஓட்டலின் பின்படிக்கட்டில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. காலையிலிருந்து அவள் சாப்பிட்டது தள்ளி வைத்த கோப்பியில் இரண்டு வாய்தான். அடுத்த வருடம் இந்த வேலைக்குத் தான் இல்லை என்று ஜுபைரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அதே முடிவைப் போன வருடமும் எடுத்திருந்தாள். அந்த முன்வரிசையில் மங்களம் மைக்கை வாங்கிய விதம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. எத்தனையோ கலந்துரையாடல்களை அவள் ஏற்பாடு செய்திருக்கிறாள். அவற்றில் ஒன்றில்கூட ஒருவரிடம் ஒருவர் உண்மையாகவே ஏதாவது கேட்டுப் பார்த்த ஞாபகம் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஷர்வின் படத்தை மறுபடி தொகுத்து அனுப்பினான். முன்பைவிட நீளம். ஐயாவு ரம்புத்தான் மரத்தடியில் முழுதாகப் பேசினார். மங்களம் கீழ் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பதில் சொன்னார். தினேஸ்வரி வேலையை விடவில்லை. அதை மாநாட்டில் போடுவதா என்று முடிவு செய்யும் முன் மங்களத்தை அழைத்தாள்.

"ஆன்ட்டி, படத்தைப் பார்த்தீங்களா? லிங்க் இல்ல, படம்."

"பார்த்தோம்மா. அந்தப் பையனே வந்து அண்ணன் வீட்டு டிவியில போட்டுக் காட்டினான். பிளாட் சனம் பூரா வந்திருச்சு. உட்கார எடம் இல்ல."

"போடலாமா?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மூணாவது மாடி பத்துமலை கோவமா இருக்கான். அன்னிக்கு ஹால்ல சொன்ன மாதிரியே படத்துலயும் அண்ணன் அவன் பேரைச் சொல்லிட்டாருல்ல, கிராணி கூப்பிட்டவங்கள்ல அவனும் ஒருத்தன்னு. அவன் பக்கத்தையும் கேக்கணுமாம். இரு, இங்கதான் நிக்கிறான், பேசு."

பத்துமலை கைப்பேசியை வாங்கி, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார். தினேஸ்வரி பொறுமையாகக் கேட்டாள். நடுவில் இரண்டு முறை வேறு அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, ஷர்வினுடைய எண்ணைக் கொடுத்தாள். அவளுடைய எண்ணும் இருக்கட்டும் என்று அவர் கேட்டதற்கு, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.